தண்டனைக் குறைப்பும் நியாயமும்

அப்பீலில் ஒருவருக்குத் தண்டனை குறைந்தது என்ற செய்தியைக் கண்டதும், செல்வாக்கு வென்றது என்று ஜனங்கள் முடிவு கட்டி விடுகிறார்கள். இம்முடிவு எப்பொழுதும் நேர்மையானதன்று. கீழ்க் கோர்ட்டின் கோபத்தையோ அவசரத்தையோ திருத்தி, குற்றத்திற்குத் தக்க அளவில் தண்டனையை நிறுத்துவதற்கே அப்பீல் என்ற ஏற்பாடு இருக்கிறது. குறைக்கும் அதிகாரம் இல்லாத அப்பீல் கோர்ட் இருந்தும் பயனில்லை. ஆனால், என்ன காரணத்திற்காகக் குறைக்கப்பட்டது என்று கேட்கும் உரிமை பிரஜைகளுக்கு உண்டு. இவ்வுரிமையின் அருமையைப் பாட்டியாலா வழக்கு நன்கு விளக்குகிறது.

1988-ம் வருஷம் டிஸம்பர் 27-ந் தேதி, பஞ்சாபிலுள்ள பாட்டியாலா நகரில், ரஸ்தாவில் வழி விடுவது பற்றி ஒரு சச்சரவு மூண்டது. ஒரு பக்கம் 25 வயதுள்ள பிரபல கிரிக்கெட் ஆட்டக்காரர் ஸ்ரீ நவ்ஜோத் சிங் சித்துவும் அவருடைய நண்பரும். மற்றொரு பக்கம் 65 வயதுப் பெரியவர். அடிபட்ட பெரியவர் உயிரிழந்தார். 1999-ல் ஸெஷன்ஸ் கோர்ட் இருவரையும் விடுதலை செய்தது. சர்க்கார் அப்பீல் செய்ததன் மேல், 2006 டிஸம்பரில் பஞ்சாப்-ஹரியானா ஹைகோர்ட் அத்தீர்ப்பை மாற்றி, கொலையாகாத மரணம் விளைவித்த குற்றத்திற்காக 3 வருஷச் சிறைவாசம் விதித்தது. ஸ்ரீ சித்து ஸுப்ரீம் கோர்ட்டுக்குச் சென்றார். 2018 மே 15-ந் தேதி அக்கோர்ட் நண்பரை விடுதலை செய்தது. ஸ்ரீ சித்துவுக்கு ஆயிரம் ரூபாய் அபராதம் மட்டும் விதித்தது.

இத்தீர்ப்பில் இரண்டு குறைப்புகள் இருக்கின்றன. இரண்டையும் ஒன்றாகப் பாவித்துக் கண்டிப்பது தவறு. முதலாவது, குற்றத்தின் குறைப்பு. அடியினால்தான் மரணம் நேர்ந்தது என்பது வைத்திய சாட்சியத்தால் நிச்சயமாக நிரூபிக்கப்படவில்லை என்று நீதிபதிகள் கருதினார்கள். ஆகவே காயம் விளைவித்த குற்றம் மட்டுமே நிலைக்கும் என்றார்கள். இதை நாம் ஆக்ஷேபிக்கவில்லை. சந்தேகத்தின் பலன் ஏழைக்கு எவ்வளவு உரியதோ, பிரபலஸ்தருக்கும் அவ்வளவு உரியது.

இரண்டாவது குறைப்பே நமக்கு உடன்பாடில்லாதது. காயம் விளைவித்த குற்றத்திற்கு இந்தியன் பீனல் கோடின் 323-வது பிரிவு ஒரு வருஷம் வரை சிறைவாசத்தையும் அனுமதித்தது. சிறைவாசத்தை அறவே நீக்குவதற்குக் கூறப்பட்ட காரணங்கள் யாவை? சம்பவம் 30 வருஷத்துக்கு முந்தியது. முன் விரோதம் இல்லை. ஆயுதம் இல்லை என்பவையே.

இவற்றில் முதற் காரணத்தைச் சற்று ஆராய்வோம். 30 வருஷம் யாரால் கழிந்தது? விசாரணைக்குப் பத்து வருஷத்திற்கு மேல். ஹைகோர்ட்டில் ஏழு வருஷம். ஸுப்ரீம் கோர்ட்டில் பதினோரு வருஷம். கோர்ட்டுகளின் தாமதமே கடைசியில் குற்றவாளிக்குச் சலுகையாயிற்று. இந்நாட்டுச் சிறைகளில் 2022-ம் வருஷ முடிவில் இருந்தவர்களில் நான்கில் மூன்று பங்கினர் தீர்ப்பே பெறாத விசாரணைக் கைதிகள். அவர்களுக்குத் தாமதம் என்பதே தண்டனை. ஜாமீனில் வெளியே இருப்பவருக்கு அதே தாமதம் தண்டனையைக் கரைக்கும் மருந்தாகிறது. நெடுங்காலம் வழக்கின் கவலையைச் சுமந்ததும் ஒரு துன்பமே என்று சிலர் வாதிக்கலாம். ஒப்புக்கொள்கிறோம். அதற்காகச் சில மாதங்களைக் குறைக்கலாம். முழுவதையும் துடைத்து விடலாமா? இறந்தவரின் குடும்பத்தாரும் அதே 30 வருஷம் காத்திருந்தார்கள் அன்றோ?

அபராதத் தொகையும் கவனிக்கத் தக்கது. ஆயிரம் ரூபாய் என்ற எல்லை 1860-ல் வகுக்கப்பட்டது. அன்று அது பெருந்தொகை. 2018-ல் அது பெயரளவில் ஒரு தண்டனை. 2024 ஜூலை 1-ந் தேதி முதல் அமுலிலுள்ள பாரதீய நியாய ஸன்ஹிதையில் இவ்வெல்லை பத்தாயிரம் ரூபாயாக உயர்த்தப்பட்டிருக்கிறது.

தேச ஊழியர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் மற்றொன்றுண்டு. இரண்டு வருஷமோ அதற்கு மேலோ சிறைத் தண்டனை அடைந்தவர், விடுதலைக்குப் பின் ஆறு வருஷம் வரை தேர்தலில் நிற்க முடியாது என்பது சட்டம். ஆகையால் அரசியல்வாதியின் அப்பீலில் சிறை நாட்களோடு பதவியும் தராசில் ஏறுகிறது. 2018-ல் ஸ்ரீ சித்து பஞ்சாபில் மந்திரியாக இருந்தார். அப்படியிருந்தும் பஞ்சாப் சர்க்காரின் வக்கீல் ஹைகோர்ட் தண்டனையை ஆதரித்தே வாதித்தார். இதைப் பாராட்டாமலிருக்க முடியாது.

குடும்பத்தார் சோர்ந்துவிடவில்லை. புனராலோசனை கோரி மனுச் செய்தார்கள். 2022 மே 19-ந் தேதி ஸுப்ரீம் கோர்ட் ஒரு வருஷக் கடுங்காவல் விதித்தது. குற்றம் கூட்டப்படவில்லை, தண்டனையின் அளவு மட்டுமே திருத்தப்பட்டது. திடகாத்திரமான ஆட்டக்காரரின் கையே ஆயுதமாகக் கூடும், அடிபட்டவரோ அவரைப் போல் இரு மடங்குக்கு மேல் வயதானவர் என்ற உண்மைகள் முன்னர் கவனிக்கப்படவில்லை என்று கோர்ட் கண்டது. தன் அளவுகோலைத் தானே திருத்திக் கொண்ட அந்நியாயஸ்தலத்தின் கௌரவம் இதனால் குறையவில்லை, உயர்ந்தது. மறுநாள் சரணடைந்த ஸ்ரீ சித்து சுமார் பத்து மாதம் சிறையிலிருந்து, 2023 ஏப்ரல் 1-ந் தேதி வெளிவந்தார்.

ஆயினும் ஒரு குடும்பத்தின் விடாமுயற்சியால் கிடைத்த பலனை எல்லோருக்கும் கிடைத்த நியாயமாகக் கருதுவதற்கில்லை. 2009 முதல், குற்றவாளி விடுதலையானாலோ, சிறிய குற்றத்திற்கு மட்டும் தண்டிக்கப்பட்டாலோ, நஷ்ட ஈடு போதாவிட்டாலோ பாதிக்கப்பட்டவர் அப்பீல் செய்யலாம். தண்டனை போதாது என்று அப்பீல் செய்யும் உரிமை அவருக்கு இல்லை. அது சர்க்காருக்கே உண்டு. 2020-ல் ஸுப்ரீம் கோர்ட் இதை உறுதிப்படுத்தியது. புதிய நடைமுறைச் சட்டமும் இக்குறையை அப்படியே விட்டு வைத்திருக்கிறது. சர்க்கார் வாளாவிருந்தால், அடிபட்டவன் எங்கே போவான்?

நாம் கோருவது கடுமையை அன்று. அப்பீல்கள் காலத்தில் முடியட்டும். தண்டனையைக் குறைக்கும் முன் அடிபட்டவர் தரப்பும் கேட்கப்படட்டும். தண்டனை போதாதென்று முறையிடும் உரிமை அவருக்கும் சட்டத்தால் அளிக்கப்படட்டும். குறைப்பதற்குக் கூறப்படும் காரணம், நாளை ஒரு கூலியாள் அதே கோர்ட்டில் கைகட்டி நின்றாலும் அவனுக்கும் பொருந்துவதாக இருக்கட்டும். அத்தகைய கருணை நியாயத்தின் அங்கம், மற்றது சலுகையே. சலுகையைக் கண்டு மௌனமாயிருக்கும் ஜனங்கள் சுதந்திரத்தின் பலனை முழுதும் அடைந்தவர்களாக மாட்டார்கள்.