பாயிண்ட் மோட்டார்: டக்கா, ஆமையா?

வட்டத் தண்டவாளத்தில் மாடல் ரயிலைச் சுற்றவிட்டால் இரண்டே நாளில் அலுத்துவிடும். ஒரு பாயிண்ட் சேருங்கள்; ரயில் பக்கத்துத் தடத்துக்குத் திரும்பும், ஸ்டேஷனில் ஒதுங்கி நிற்கும், ஆட்டமே மாறிவிடும். கைக்கு எட்டும் பாயிண்டை விரலாலேயே தள்ளலாம். எட்டாத மூலையில் இருப்பதற்குத்தான் மோட்டார்.

மலிவானது காயில் ரகம். பிரிட்டனின் பீகோ நிறுவனம் தயாரிக்கும் பிஎல்-10 இந்த வகை. இரண்டு காயில், நடுவே ஓர் இரும்புக் கம்பி. எந்தக் காயிலுக்கு மின்சாரம் போகிறதோ அந்தப் பக்கம் கம்பி ‘டக்’கென்று இழுபடும். அதற்கு ஒரு கணம் மின்சாரம் போதும். போட்டால் அப்படியே நிற்கும் சாதாரண சுவிட்சை மாட்டி, அணைக்க மறந்தீர்களோ, காயில் கருகிவிடும்!

அதனால் விரலை எடுத்ததும் விடுபடும் புஷ் பட்டன்தான் வேண்டும். இரண்டு காயில்களிலும் ஒவ்வொரு முனையைச் சேர்த்து ஒரே பொது ஒயர். மற்ற இரண்டு முனைகளுக்கும் தனித்தனி பட்டன். இடையில் ‘கெப்பாசிட்டர் டிஸ்சார்ஜ் யூனிட்’ ஒன்றை வைத்துவிட்டால் கவலையே இல்லை. அது மின்சாரத்தைச் சேர்த்துவைத்து ஒரே அடியாகக் கொடுக்கும். வீட்டு வாண்டு பட்டனை அழுத்திக்கொண்டே இருந்தாலும் காயில் தப்பிக்கும். ஒயரில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். மெல்லிய ஒயரை நீளமாக இழுத்தால் வேகம் குறைந்து பாயிண்ட் பாதியில் நிற்கும், அதன்மேல் வரும் ரயில் தடம்புரளும்.

இன்னொன்று, மெதுவாக நகரும் ரகம். அமெரிக்காவின் சர்க்யூட்ரான் தயாரிப்புக்குப் பெயரே ‘டார்ட்டஸ்’, அதாவது ஆமை! நிஜ ரயில்பாதையில் நகர்வதுபோல நிதானமாகப் பாயிண்டைத் தள்ளும். கடைசிவரை போனதும் மோட்டார் நின்றுவிடும். மின்சாரம் தொடர்ந்து போய்க்கொண்டே இருக்கும். 12 வோல்ட்டில் 20 மில்லிஆம்பியர்கூட இழுக்காது என்பதால் கருகாது. அந்த அழுத்தமே பாயிண்டை நகராமல் பிடித்துக்கொள்ளும். இதற்கு இரண்டே ஒயர். பிளஸ், மைனஸை இடம் மாற்றினால் எதிர்ப்பக்கம் போகும். ஆறு கால் உள்ள டாகிள் சுவிட்ச் அந்த வேலையைச் செய்யும். பீகோ பாயிண்டில் பொருத்துவதானால் அதிலுள்ள குட்டி ஸ்பிரிங்கை முதலில் கழற்றிவிட வேண்டும். பலகைக்கு அடியில் நாலு அங்குலம் இடமும் தேவை.

விலை கூடுதல்தான். ஆனாலும் பிளாட்பாரத்தை ஒட்டி, எல்லோர் கண்ணிலும் படும் பாயிண்டுக்கு ஆமைதான் அழகு. பின்புறத்து மூலைக்கு காயில் போதும். இரண்டையும் கலந்து வைத்தால், ஒன்றின் சுவிட்சை மற்றதில் மாட்டிவிடாதபடி இரு நிற ஒயர்கள் வாங்கிக்கொள்ளுங்கள்.