கேம்ப்புல எதுக்கு ஏலியன்?

போன மாதம் ஒரு பெரியவர் என்னை நிறுத்திக் கேட்டார்: "தம்பி, காந்திகிராமத்துப் பக்கத்துல கேம்ப் நடத்துறீங்க. ராட்டை, தோட்டம், பாட்டு எல்லாம் நல்லாத்தான் இருக்கு. ராத்திரி எதுக்கு ஏலியன் படம்?" வருஷா வருஷம் எங்களுக்கு இரண்டு மூட்டை அரிசி தருகிறவர். அதனால் சிரித்து மழுப்பிவிட்டு வந்தேன். இங்கே மழுப்பப் போவதில்லை.

நண்பர்கள் சிலர் சேர்ந்து மே மாதத்தில் பத்து நாள் நடத்தும் முகாம் அது. சின்னாளபட்டி, அம்பாத்துரை சுற்றுவட்டாரத்துப் பிள்ளைகள் நாற்பது பேர். கட்டணம் கிடையாது. பாதிப் பேருக்கு அப்பாவோ அம்மாவோ மில்லில் ஷிப்ட். மீதிப் பேர் வீட்டில் தறி அல்லது காட்டு வேலை. சாயங்காலம் ஏழு மணிக்குச் சிறுமலைப் பக்கமிருந்து கொஞ்சம் காற்று இறங்கும். வேட்டியைக் கட்டி, கடன் வாங்கின புரொஜெக்டரில் பழைய 'ஸ்டார் ட்ரெக்'கில் ஒரு எபிசோடு போடுவோம். எங்களில் ஒருவன் பக்கத்தில் நின்று தமிழில் கதை சொல்வான், பாதி தப்பாக. அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் சண்டைதான்.

இந்த வருஷம் சிக்கல் வேறு ரூபத்தில் வந்தது. வசதியான ஒருவர் மொத்தச் செலவையும் ஏற்றுக்கொள்கிறேன் என்றார். ஒரே நிபந்தனை: படத்தை நிறுத்திவிட்டு அந்த நேரத்தில் நீட் ஃபவுண்டேஷன் எடுக்க வேண்டும். எங்கள் குழுவிலேயே பாதிப் பேர் ஒப்புக்கொள்ளலாம் என்கிறார்கள். அரிசிக்காரர் கேட்டது காந்தியின் பேரில், இவர் கேட்பது எதிர்காலத்தின் பேரில். இரண்டு பேருக்கும் ஒரே இடம்தான் உறுத்துகிறது. பிள்ளைகள் இல்லாத ஒன்றை நினைத்துப் பார்க்கும் அந்த ஒரு மணி நேரம்.

முதலில் காந்தி. 1909 நவம்பரில், லண்டனிலிருந்து தென்னாப்பிரிக்கா போகும் கப்பலில் பத்தே நாளில் 'ஹிந்த் ஸ்வராஜ்' எழுதினார். ரயில், வக்கீல், டாக்டர் யாரும் வேண்டாம் என்று சொல்லும் புத்தகம். அப்படி ஒரு இந்தியா அன்றைக்கு எங்கேயும் இல்லை. 1945 அக்டோபரில் நேருவுக்கு எழுதிய கடிதத்திலும், தான் சொல்லும் கிராமம் இன்னும் தன் கற்பனையில்தான் இருக்கிறது என்று ஒத்துக்கொள்கிறார். இரண்டு வருஷம் கழித்து, 1947-ல், டாக்டர் சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் இந்தக் காய்ந்த பூமியில் காந்திகிராமத்தை ஆரம்பித்தார்கள். தலையில் மட்டும் இருந்த ஊருக்குத் தரையில் இடம் தேடினார்கள் என்றுதான் நான் படித்துக்கொள்கிறேன். காந்தியை விஞ்ஞானப் புனைகதை எழுத்தாளர் என்று சொன்னால் அடிக்க வருவீர்கள், சொல்லவில்லை. ஆனால் இருக்கிற ஊரை மட்டும் பார்க்கத் தெரிந்தவர்களால் காந்திகிராமம் உருவாகியிருக்காது.

அடுத்த கதையை அரிசிக்காரரிடம் சொல்லத்தான் ஆசை. மார்ட்டின் லூதர் கிங் 1959-ல் இந்தியா வந்தபோது காந்திகிராமத்துக்கும் வந்தார். இதே மண்தான். சில வருஷம் கழித்து அமெரிக்காவில் 'ஸ்டார் ட்ரெக்' ஆரம்பித்தது, 1966-ல். விண்கலத்தின் தகவல் தொடர்பு அதிகாரி உஹுரா ஒரு கறுப்பினப் பெண். ஸ்வாஹிலியில் 'உஹுரு' என்றால் விடுதலை. அந்த வேடத்தில் நடித்த நிஷெல் நிக்கல்ஸ் முதல் சீசன் முடிந்ததும் விலக முடிவெடுத்திருந்தார். ஒரு விழாவில் உங்கள் ரசிகர் ஒருவர் பார்க்க வேண்டுமாம் என்றார்கள், திரும்பினால் கிங். விலகக் கூடாது என்று அவர் சொல்லிவிட்டார். எங்கள் பிள்ளைகளைத் தூங்கவிடாமல் உட்காரவைத்துப் பார்க்கும் ஒரே நிகழ்ச்சி இதுதான் என்றாராம். நிக்கல்ஸ் கடைசிவரை இதைச் சொல்லிக்கொண்டே இருந்தார். எழுபதுகளின் கடைசியில் அவரே நாசாவுக்காகப் பெண்களையும் கறுப்பினத்தவரையும் விண்வெளி வீரர்களாக விண்ணப்பிக்கச் சொல்லி ஊர் ஊராகப் போனார்.

ஆக, காந்தியைத் தேடி இவ்வளவு தூரம் வந்த மனுஷனுக்கே ராத்திரி டிவியில் விண்கலம் பார்ப்பது இழுக்காகத் தெரியவில்லை. நமக்கு மட்டும் ஏன்?

நம்மிடமும் சரக்கு இருக்கிறது. சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' தூர்தர்ஷனில் தொடராக வந்தபோது பக்கத்து வீட்டுத் திண்ணையில் நெருக்கியடித்துப் பார்த்த தலைமுறை நான். ஜீனோ என்கிற ரோபோ நாய்க்காகத்தான் போனேன், பொய் சொல்ல மாட்டேன். கதை நடக்கும் வருஷத்தை நாம் இப்போது தாண்டிவிட்டோம். போன முகாமில் அந்தக் கதையைச் சொன்னோம். அதில் எல்லோருக்கும் இரண்டெழுத்துப் பேர்தான் இருக்க வேண்டும். பிள்ளைகள் உடனே தங்கள் பேரை வெட்ட ஆரம்பித்தார்கள். ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி கேட்டாள்: "அண்ணா, ரெண்டெழுத்துதான்னா சாதிப் பேர் எங்க ஒட்டும்?" கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. நாட்டையே ஆளும் ஜீவா வெறும் ஹாலோகிராம் என்று தெரிந்தபோது ஒரு பையனுக்குக் கோபமே வந்துவிட்டது. "ஆளே இல்லாதவனுக்கா இத்தன பேரு பயந்தாங்க?" ஓஎம்ஆர் தாளில் எந்த வட்டத்தைக் கறுப்பாக்கினால் இந்தக் கேள்வி வரும் என்று அந்தப் பணக்காரர் எனக்குச் சொல்லட்டும்.

நீட்டைக் கேலி செய்யவில்லை. எழுதித்தான் ஆக வேண்டிய பிள்ளைகள் எங்களிடமும் இருக்கிறார்கள், பகலில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்கவும் செய்கிறோம். பெரியவர் சொல்வதிலும் பாதி நியாயம் உண்டு. தனியாகப் போர்வைக்குள் போனை வைத்துக்கொண்டு எட்டு எபிசோடு பார்ப்பதை நானும் ஆதரிக்க மாட்டேன். நானே அதைச் செய்கிறவன் என்பதால் தெரியும். நாங்கள் போடுவது ஒன்றே ஒன்று. நாற்பது பேரோடு, கொசுக்கடியோடு.

பணத்தை வேண்டாம் என்று எழுதிவிடலாம் என வரும் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் சொல்லப் போகிறேன். தோற்கவும் தோற்கலாம். ஜெயித்தால் பஸ் செலவுக்கும் பருப்புக்கும் கையேந்த வேண்டியிருக்கும், அப்போது உங்களிடமும் வருவேன். அரிசி மூட்டை வாங்கப் போகிற அன்றைக்கு அந்தப் பெரியவரையும் ஒரு சாயங்காலம் வந்து உட்காரச் சொல்லப் போகிறேன். நாற்காலி போட்டுவிடுவோம், அவருக்கு முட்டி வலி.