உப்புக் கணக்கு

சென்ற வாரம் நம்மிடம் எட்டாம் வகுப்பில் படிக்கும் பையன் ஒருவன் வீட்டுக்கு வந்திருந்தான். கூடத்திலுள்ள கடல்நீர்த் தொட்டியை வெகுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "ஸார், அந்தச் சிவப்பு நட்சத்திர மீன் எங்கே?" என்று கேட்டான். இருபது வருஷமாகக் கரும்பலகைக்கு முன் நிற்கிற நாம் எந்தக் கேள்விக்கும் ஏதேனும் ஒரு பதில் சொல்லிப் பழகியிருக்கிறோம். அன்று மட்டும் வாய் எழவில்லை. அந்தப் பிராணியைக் கொன்றவர் நாமேயல்லவா?

நடந்த விஷயம் இதுதான். நம் தொட்டியில் 200 லிட்டர் கடல்நீர் இருந்தது. அதன் கீழே ஒரு 'சம்ப்' வைப்பதென்று தீர்மானித்தோம். சம்ப் என்றவுடன் வாசலில் பூமிக்கடியில் இருக்கும் குடிநீர்த் தொட்டியை நேயர்கள் நினைத்துக்கொள்ள வேண்டாம். இது மீன் தொட்டியின் மேஜைக்கு அடியில் மறைந்திருக்கும் இரண்டாவது தொட்டி. மேல் தொட்டியிலிருந்து வழியும் ஜலம் குழாய் வழியாக இதில் இறங்கும். அழுக்கு நீங்கியபின் பம்பு அதை மேலே அனுப்பும். ஜலத்தின் மொத்த அளவு பெருகுவதால், ஒரு நாள் வெயிலோ ஒரு பிடி அதிகத் தீனியோ தொட்டியை உடனே கெடுத்துவிடாது. யோசனை புதிதன்று. 1871-ல் லண்டனுக்கருகே கிரிஸ்டல் பாலஸ் மீன் காட்சிசாலை திறக்கப்பட்டபோது, அதை அமைத்த வில்லியம் ஆல்ஃபோர்டு லாயிட் என்பவர், காட்சித் தொட்டிகளைக் காட்டிலும் பல மடங்கு பெரியதொரு நீர்த்தேக்கத்தை இருட்டான கீழ்த்தளத்தில் வைத்திருந்தார்.

நம் சம்புக்கு 100 லிட்டர் புது ஜலம் வேண்டியிருந்தது. கடைப் பொட்டலத்து உப்பைச் சுத்த ஜலத்தில் கரைத்தோம். கடல்நீரில் ஆயிரத்தில் சுமார் 35 பங்கு உப்பு. அப்போது அதன் ஒப்படர்த்தி 1.026. இதைக் காட்டும் ஹைட்ராமீட்டர் ஒன்றும் அபூர்வ யந்திரமல்ல. விதை நெல் பொறுக்கும் குடியானவர், உப்பு ஜலத்தில் கோழி முட்டையை மிதக்கவிட்டுப் பதம் பார்க்கிறாரே, அந்த முட்டையேதான், எண்கள் எழுதப்பட்ட முட்டை என்று வைத்துக்கொள்ளலாம். நம்முடையது சிறு பெட்டிக்குள் முள் ஆடும் ரகம். முள் 1.026-ல் நின்றது. திருப்தியுடன் பம்பைப் போட்டோம்.

முள்ளின் அடியில் கடுகளவு காற்றுக் குமிழி ஒன்று ஒட்டிக்கொண்டு அதைத் தூக்கிப் பிடித்திருந்தது நமக்குத் தெரியாது! புது ஜலத்தில் உண்மையில் இருந்த உப்பு ஆயிரத்துக்கு 27 பங்குதான்.

கணக்குப் பரீட்சையில் நாமே கொடுக்கக்கூடிய கேள்வி இது. 200 லிட்டரை 35-ஆலும், 100 லிட்டரை 27-ஆலும் பெருக்கிக் கூட்டி, 300-ஆல் வகுத்தால் 32.3 வருகிறது. அதாவது ஒரு மணி நேரத்துக்குள் 2.7 பங்கு இறங்கிவிட்டது. மீன்கள் வழக்கம்போல் நீந்தின. அவற்றின் உடல் நீரில் உள்ள உப்பு கடலில் உள்ளதைப்போல் மூன்றில் ஒரு பங்குதான். சதா கடல்நீரைக் குடித்து, மிஞ்சிய உப்பைச் செவுள் வழியே வெளியேற்றுவதே அவற்றின் வாழ்க்கை. ஆகையால் சிறிய மாறுதலைச் சமாளித்துக்கொள்ளும். நட்சத்திர மீனுக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. வெளியே எவ்வளவு உப்போ, உள்ளேயும் அவ்வளவுதான். வெளியே திடீரென்று குறைந்தால், பாயசத்தில் விழுந்த உலர்ந்த திராட்சை போல அதன் உடல் ஜலத்தை உறிஞ்சிப் புடைக்கிறது. மூன்றாம் நாள் அதன் ஒரு கை நுனியில் வெண்மையான தழும்பு கண்டோம். ஐந்தாம் நாள் அந்தக் கை தனியே கிடந்தது.

அப்போதுதான் நண்பர் ஒருவர் தம் ரிஃப்ராக்டோமீட்டருடன் வந்து உண்மையைக் கண்டுபிடித்தார். வீட்டு அம்மாள், "ரசத்தில் உப்புக் குறைந்தால் இலையில் உட்கார்ந்தவர் சொல்லிவிடுவார். அது பாவம், யாரிடம் போய்ச் சொல்லும்?" என்றாள். நாம் வாய் திறக்கவில்லை.

குறைந்த உப்பை ஒரே மூச்சில் கொட்டிச் சரிசெய்யக் கை பரபரத்தது உண்மை. நண்பர் தடுத்தார், மிஞ்சியிருந்த இறாலுக்கு அது இரண்டாவது அடியாக முடிந்திருக்கும். நம் தொட்டியில் தினம் 3 லிட்டர் ஆவியாகிறது. ஆவியாவது ஜலம் மட்டுமே, உப்பு அப்படியே தங்கிவிடும். ஆகவே எப்போதும் ஈடு செய்ய ஊற்றவேண்டியது உப்பில்லாத சுத்த ஜலம். சில நாள் மட்டும் அதற்குப் பதில் 35 பங்கு உப்பு ஜலத்தை ஊற்றினோம். தினம் 105 கிராம் உப்பு சேர்ந்து, அளவு 0.35 வீதம் ஏறியது. எட்டு நாளில் பழைய நிலை வந்தது.

சம்ப் வைக்க எண்ணும் நேயர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். புது ஜலம் புத்தகத்திலுள்ள 35-ஐ ஒத்திருப்பதைக் காட்டிலும், தம் தொட்டியில் அன்றைக்கு இருக்கும் ஜலத்தை ஒத்திருப்பதே முக்கியம். தொட்டி 37-ல் இருந்தால் புதியதும் 37 இருக்கட்டும். பிறகு இரண்டையும் சேர்த்து மெதுவாக இறக்கலாம். இரண்டு ஜலத்தையும் ஒரே கருவியால், ஒரே உஷ்ணத்தில், குமிழியைத் தட்டி நீக்கிவிட்டு அளக்கவேண்டும். உப்பைக் கரைத்தவுடன் அளப்பது வீண். ஓர் இரவு முழுவதும் பம்பு கலக்கட்டும். சென்னைக் கடற்கரையிலிருந்து ஜலம் கொண்டு வருகிறவர்களுக்கும் இதே எச்சரிக்கைதான். ஐப்பசி, கார்த்திகை மழையில் கரையோரக் கடலின் உப்புக் குறைந்துவிடுகிறது; சித்திரையில் அளந்த எண் அப்போது உதவாது. சம்பை விளிம்பு வரை நிரப்புவதும் கூடாது. மின்சாரம் நின்றால் மேலேயுள்ள ஜலத்தில் ஒரு பகுதி கீழே இறங்கும். இடமில்லாவிட்டால் கூடத்தில்தான் கடல்.

இவ்வளவையும் அந்தப் பையனிடம் ஒளிக்காமல் சொன்னோம். அவன் சிறிது நேரம் யோசித்தான். பிறகு ஹைட்ராமீட்டரைக் கையில் வாங்கி, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, விரலால் இரண்டு தடவை சுண்டினான். இப்போது சனிக்கிழமைதோறும் அளக்க வருகிறான். வேறு நட்சத்திர மீன் வாங்கும் பேச்சை இருவரும் இன்னும் எடுக்கவில்லை.