பந்துக்குக் கட்டை நடுகிறார்கள், லயனுக்கு?

கடந்த விடுமுறையில் தோட்டத்துப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு திருகோணமலைக்குப் போயிருந்தோம். கோணேசர் கோயிலையும் துறைமுகத்தையும் பார்த்துவிட்டுச் சீனக்குடாப் பக்கம் வந்தோம். அங்கே விமானப்படையின் கோல்ப் மைதானம் இருக்கிறது. "பந்து தண்ணிக்குள்ள போனா என்ன சேர் செய்வாங்க?" என்று ஒரு பிள்ளை கேட்டது. மலையகத்திலிருந்து போய் அந்தப் பக்கம் குடியேறிய அண்ணன் ஒருவர் விளக்கினார்.

கோல்ப் மைதானங்களில் குளம், ஓடை, கடலோரம் எல்லாவற்றையும் அளந்து வரைபடத்தில் குறிக்கிறார்கள். இப்போது செய்மதி உதவியோடு, தண்ணீர் எவ்வளவு தூரத்தில் என்று ஆட்டக்காரரின் கைக்கடிகாரமே காட்டும். அதோடு விடுவதில்லை. எல்லையில் மஞ்சள் அல்லது சிவப்புக் கட்டை நடுகிறார்கள். பந்து உள்ளே போனால் விதியும் உண்டு: கணக்கில் ஒரு அடி கூடும், வெளியே காட்டிய இடத்தில் பந்தைப் போட்டு ஆட்டத்தைத் தொடரலாம்.

படம், கட்டை, விதி. மூன்றும் ஒரு பந்துக்காக.

நம் லயனுக்கு வருவோம். மழைத் தண்ணீர் ஊறித்தான் நம் மலையும் சரிகிறது. நமக்குப் படம் இல்லாமலில்லை. தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் மலைநாட்டு மாவட்டங்களுக்கு மண்சரிவு அபாய வரைபடம் வரைந்திருக்கிறது. கொஸ்லந்தை மீரியபெத்தைக்கு ஆபத்து என்று முன்பே எச்சரித்தும் இருந்தது. ஆனால் 2014 ஒக்டோபர் 29 காலையில் மலை இறங்கி வந்தபோது சனம் அதே லயன்களில்தான் இருந்தது. பலருடைய உடல்கூடக் கிடைக்கவில்லை. தப்பியவர்களுக்குப் புது வீடு கிடைக்க 2016 ஆனது.

"போகச் சொன்னோம், அவர்கள் போகவில்லை" என்று அன்று சொன்னவர்களும் உண்டு. எங்கே போவது? சொந்தமாக ஒரு பேர்ச் காணி இல்லாதவரிடம் "எழும்பிப் போ" என்பது விதியாகாது. பந்தைப் போடவே இடம் காட்டுகிறார்கள். குடும்பத்துக்கு இடம் காட்ட வேண்டாமா?

அந்த நிறுவனத்தின் மழைக் கணக்கை எல்லோரும் மனதில் வைத்திருப்போம். 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் தாண்டினால் கவனம். 100 தாண்டினால் தயாராக வேண்டும். 150 தாண்டினாலோ, ஒரே மணித்தியாலத்தில் 75 பெய்தாலோ வெளியேற வேண்டும். வாயும் அடியும் ஒரே அகலமான பால்மா டின்னும் அடிமட்டமும் இருந்தால் பிள்ளைகளே அளந்துவிடுவார்கள். நிலத்தில் வெடிப்பு, புதிதாகக் கிளம்பும் ஊற்று, திடீரெனக் கலங்கும் பீலித் தண்ணீர், சாயும் மரம் கண்டால் அளந்துகொண்டு நிற்கக் கூடாது. உடனே இறங்கிவிட வேண்டும்.

அடுத்த தோட்டக் கமிட்டிக் கூட்டத்தில் தலைவர்மாரும் மாதர் தலைவிகளும் நிர்வாகத்திடமும் பிரதேச செயலகத்திடமும் மூன்றைக் கேட்க வேண்டும். அந்த வரைபடம் தமிழில் லயனிலும் பாடசாலையிலும் தொங்க வேண்டும். அபாய எல்லையில் சிவப்புக் கட்டை நட வேண்டும். கட்டைக்கு உள்ளே இருக்கும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் மாற்றுக் காணியும் வீடும் எந்தத் திகதிக்குள் என்று எழுத்தில் தர வேண்டும்.

ஐப்பசி மழை யாருக்காகவும் காத்திருக்காது. கூட்டத்துக்குக் குடும்பத்தோடு வாருங்கள்.