பழைய இயந்திரமும் புதிய கல்வியும்

இயந்திரங்களுக்கும் மூப்பு உண்டு. மனிதனுக்கு நேரும் மூப்பைத் தடுப்பார் இல்லை. இயந்திரத்தின் மூப்பையோ, தேய்ந்த உறுப்பை மாற்றிப் பல்லாண்டுகள் தள்ளிவைக்கலாம். ஆனால் அவ்வுறுப்பைச் செய்த கம்பெனி மூடப்பட்டுவிட்டால், அல்லது இனி அதனைச் செய்வதில்லையென்று கைவிரித்துவிட்டால், யாது செய்வது? பழைய இரும்புக்குப் போடுக என்பதே இன்று எளிதிற் கிடைக்கும் விடை. அவ்விடை பெரும்பாலும் அறியாமையின் விடை என்பதும், அவ்வறியாமையை நீக்குதல் நம் கல்லூரிகளின் கடமை என்பதும் எமது கருத்து.

மதுரைச் சமவெளியில் பெருங்காடு இல்லை. எனினும் மரம் அறுக்கும் வாள்களுக்குக் குறைவில்லை. மலையினின்றும் கடல் கடந்தும் வரும் மரங்களை அறுக்கும் பழைய இயந்திரம் ஒன்றை எண்ணிப் பார்ப்போம். அதன் வார்ப்பிரும்புச் சட்டம் இன்னும் ஒரு தலைமுறைக்குத் தாங்கும். ஆயினும் ஒரு பற்சக்கரத்தில் நான்கு பற்கள் உடைந்து, மாற்றுச் சக்கரம் கடையில் அகப்படாவிடில், இயந்திரம் முழுவதும் எடைக்கு விற்கப்படும். இது பல்வலிக்காகத் தலையை வாங்குவது போன்றதன்றோ?

காட்டுமரத் தொழிலின் வரலாறு வேறொரு பாடம் புகட்டுகின்றது. கொச்சி சமஸ்தானத்தார் பரம்பிக்குளத்துக் காட்டு மரங்களைச் சாலக்குடிக்குக் கொணர 1907 முதல் ஒரு டிராம்வே நடத்தினர். அதன் தளவாடங்கள் ஜெர்மனியின் ஓரென்ஸ்டீன்-கோப்பெல் கம்பெனியாரால் செய்யப்பட்டவை. 1914இல் யுத்தம் மூண்டு ஜெர்மனி பகைநாடாயிற்று. 1939இல் மீண்டும் அவ்வாறே நேர்ந்தது. எனினும் அந்த டிராம்வே இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரையில் மரம் சுமந்தது. செய்தவனிடம் கேட்டுப் பெற இயலாத காலத்தில் ஓட்டுபவனே செய்பவனும் ஆதல் வேண்டும் என்பது இதனாற் பெறப்படும்.

நம் மதுரையும் அக்காலத்தில் வாளாவிருக்கவில்லை. இரண்டாம் உலக யுத்தத்தில் பெட்ரோல் அருகியபோது, இந்நகரில் மோட்டார்த் தொழிலை வளர்த்த டி. வி. சுந்தரம் ஐயங்கார் எரிவாயுக் கருவியொன்றை ஆக்கி வண்டிகள் ஓட வழி செய்தார். தேய்ந்த டயருக்குப் புது மேற்பரப்பு இடும் தொழிற்சாலையும் அவர் முயற்சியால் எழுந்தது. முட்டுப்பாடே அன்று ஆசிரியனாயிற்று.

இக்காலத்துச் சான்றும் உண்டு. மேட்டுப்பாளையத்தினின்று உதகைக்கு ஏறும் மலை ரயிலின் நீராவி இயந்திரங்கள் சுவிட்சர்லாந்தில் விண்டர்தூர் நகரத்துத் தொழிற்சாலையிற் பிறந்தவை. பல்லிருப்புப் பாதையைப் பற்றி ஏறும் அவ்வியந்திரங்களுக்குரிய உறுப்புக்கள் சந்தையிற் கிடைப்பன அல்ல. திருச்சிராப்பள்ளிப் பொன்மலைத் தொழிற்சாலையார் அவற்றைப் பழுதுபார்த்துப் பழுதுபார்த்து அங்கம் அங்கமாக அறிந்தனர். 2011 முதற்கொண்டு அவ்வினத்துப் புதிய இயந்திரங்களையே கட்டி முடித்தனர். பழுது நீக்குவோன் படைப்போனாக உயர்தற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதின்று.

நிற்க. இத்திறன் ஏதோ மந்திரம் என்று எண்ணற்க. அது கணக்கும் கவனமுமே. பழைய ஆங்கிலப் பற்சக்கரம் ஒன்றில் 30 பற்கள், வெளிவிட்டம் 8 அங்குலம் என்க. பற்களின் தொகையோடு 2 கூட்டி விட்டத்தால் வகுக்க 4 வரும். அதுவே பல்லின் அளவெண். பல்லின் சாய்வையும் அறிந்துகொண்டால் அச்சக்கரத்தைப் புதிதாக வெட்டிவிடலாம். அரை அங்குல விட்வொர்த் மரைக்கு அங்குலத்திற்கு 12 புரிகள். அதே பருமனுள்ள அமெரிக்க மரைக்கு 13. இவ்வேறுபாடு அறியாதவன் வலிந்து முறுக்கி இரண்டையும் கெடுப்பான். வார்ப்பிரும்பு ஆறும்போது அடிக்கு ஏறக்குறைய 1/8 அங்குலம் சுருங்கும். ஆதலின் தேய்ந்த உறுப்பையே மணலிற் பதித்து வார்த்தால் புதியது சிறுத்துப்போம். தச்சர் மர மாதிரியைச் சற்றுப் பெரிதாகச் செய்வதன் காரணம் இதுவே.

இவற்றை நன்கறிந்தோர் நம் லேத்துப் பட்டறைகளில் உள்ளனர். அவர் அறிவு கையில் உள்ளது, ஏட்டில் இல்லை. அவர் மக்களோ மேசைமுன் அமரும் உத்தியோகத்தை நாடுகின்றனர். அவர்களைக் குறை கூறுவதற்கில்லை, கரிபடிந்த கைக்கு நாம் மதிப்பளித்திலோம். அம்முதியோர் மறையும் நாளில் ஒரு நூல்நிலையம் எரிந்ததற்கொப்பான நட்டம் நேரும். அதனைப் பத்திரிகைகள் எழுதமாட்டா.

தனியே ஓர் உறுப்பைச் செய்வது செலவு மிக்கது என்பர் சிலர். உண்மையே, ஆனால் அச்செலவை ஒப்பிட வேண்டியது கடை உறுப்பின் விலையோடன்று, புதிய இயந்திரத்தின் விலையோடு. பழைய இயந்திரம் அபாயமானது என்பர் வேறு சிலர். இதனை நாமும் ஒப்புகின்றோம். விரல்காக்கும் மறைப்பில்லாத வாளையும், சோதகர் இசைவு பெறாத கொதிகலத்தையும் பழமை கருதி ஓட்டுதல் பாவம். எதனைக் காப்பது, எதனைக் கழிப்பது என்று தெளிதலும் இக்கல்வியின் பகுதியே.

நுகர்வோருக்குப் பழுதுபார்க்கும் உரிமை வேண்டுமென்று 2022இல் இந்திய அரசாங்கம் ஒரு குழு அமைத்தது நல்ல தொடக்கம். ஆனால் உரிமை மட்டும் இருந்து திறன் இல்லையேல், அது குருடன் கைவிளக்கே.

ஆகவே நம் கல்லூரிக்கு ஒரு விண்ணப்பம். பௌதிக மாணவர் ஆண்டுதோறும் சில நாட்கள் நகரத்துப் பட்டறைகளுக்குச் செல்க. அங்கு மாற்றுக் கிடையாத உறுப்புக்களை அளந்து, படம் வரைந்து, உலோகமும் மரையும் குறித்து, பட்டறையாரின் சொல்லையும் அவர் பெயரோடு எழுதி வைக்க. அப்படங்கள் நூல்நிலையத்தில் யாவரும் எடுத்துப் பயன்படுத்துமாறு இருக்க. பழைய மாணவருள் ஆலை நடத்துவோர் தம் இயந்திரப் படங்களை உதவலாம். இதற்குப் பெரும்பொருள் வேண்டா. அளவுகோலும் பென்சிலும் பணிவுமே வேண்டும்.

எழுத்தோடு தச்சும் கருமானமும் கற்பித்த மிஷன் பள்ளிகள் பல இந்நாட்டில் இருந்தன. அவ்வழி வந்த நாம், தேய்ந்ததை எறியுமுன் ஒருமுறை அளந்து பார்க்கும் வழக்கத்தையேனும் மேற்கொள்வோமாக.