பழைய காரும் பதினைந்து ஆண்டுக் கணக்கும்

2010-ஆம் ஆண்டு வாங்கிய என் சிறிய பெட்ரோல் காரின் பதிவுக் காலம் 2025-இல் முடிவடைந்தது. பதிவைப் புதுப்பித்து வைத்துக்கொள்வதா, விற்றுவிட்டுப் புதிது வாங்குவதா என்ற கேள்வி பல நாள்கள் எங்கள் வீட்டு உணவு மேசையில் விவாதிக்கப்பட்டது. 'இன்னும் எத்தனை நாள் இதற்குச் செலவு செய்வது?' என்பது என் மனைவியின் கேள்வி. 'நன்றாகத்தானே ஓடுகிறது?' என்பது என் பதில். முப்பது ஆண்டுகளுக்கு மேல் வகுப்பறையில் பொருளாதாரம் கற்பித்தவன் இந்தக் கேள்விக்கு உணர்ச்சியால் விடை சொல்வது அழகல்ல என்று தோன்றியதால், காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்தேன்.

இது என் ஒருவன் வீட்டுப் பிரச்னை அல்ல. பழைய வாகனங்களைக் கழிக்கும் தேசியக் கொள்கை 2021 ஆகஸ்டில் தொடங்கிவைக்கப்பட்டது. பதினைந்து ஆண்டு முடிந்த காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரல் முதல் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயானது. இருபது ஆண்டைக் கடந்த கார்களுக்கு அது 10,000 ரூபாய் என 2025 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்டது. அடுத்த மாதமே, சிறிய கார்களுக்கான ஜிஎஸ்டி 28 விழுக்காட்டிலிருந்து 18 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. பழையதை வைத்திருப்பவரைப் பின்னாலிருந்து ஒரு கை தள்ளுகிறது. முன்னாலிருந்து இன்னொரு கை இழுக்கிறது. இந்த நெருக்கடியில் முடிவெடுப்பவர்கள் பெரும்பாலும் இரண்டு தவறுகளைச் செய்கிறார்கள்.

முதல் தவறு, கடந்துபோன செலவை எண்ணுவது. 'போன ஆண்டுதான் கிளட்ச் மாற்றினேன், நான்கு டயரும் புதிது. இப்போது எப்படி விற்பது?' என்கிறோம். செலவழித்த பணம், காரை வைத்திருந்தாலும் விற்றாலும் திரும்பி வரப்போவதில்லை. ஆகவே அது கணக்கில் இடம்பெறக் கூடாது. இனி ஆகப்போகும் செலவு மட்டுமே கணக்கு.

இரண்டாவது தவறு இதற்கு நேர்மாறானது. 'சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்' என்ற பழமொழியைச் சொல்லி, 80,000 ரூபாய் பெறும் காருக்கு 40,000 ரூபாயில் இன்ஜின் வேலையா என்று கேட்பது. பழுதுச் செலவைக் காரின் விலையோடு ஒப்பிடுவதில் பொருளில்லை. அந்த 40,000 ரூபாய் இன்னும் நான்கு ஆண்டுகளுக்கு நம்பகமான ஓட்டத்தைத் தருமானால், அதன் விலை ஆண்டுக்கு 10,000 ரூபாய்தான். அதே நான்கு ஆண்டுகளைப் புதிய காரில் வாங்க என்ன விலையாகும் என்பதே சரியான கேள்வி.

என் கணக்கைச் சொல்கிறேன். நான் ஆண்டுக்கு 6,000 கிலோமீட்டர் ஓட்டுகிறேன். பழைய காரின் மதிப்பு ஓராண்டில் 12,000 ரூபாய் குறையும். அதை விற்றால் கிடைக்கும் 80,000 ரூபாய்க்கு வங்கி வட்டி சுமார் 6,000, காப்பீடு 6,000, பராமரிப்பும் பழுதும் 30,000, பதிவுப் புதுப்பிப்பு, பசுமை வரி, ஆய்வுக்கான சில்லறைச் செலவுகள் ஆகியவற்றை ஐந்தாண்டுக்குப் பகிர்ந்தால் 2,000. மொத்தம் 56,000 ரூபாய்.

சாலை வரி உள்பட 8 லட்சம் ரூபாயாகும் புதிய கார் எட்டு ஆண்டுக்குப் பின் 2.40 லட்சத்துக்கு விலைபோகும் என்று வைத்தால், தேய்மானம் மட்டும் ஆண்டுக்கு 70,000. முடங்கிய முதலுக்கான வட்டி சராசரியாக 36,000; காப்பீடு 15,000; பராமரிப்பு 8,000. மொத்தம் 1,29,000 ரூபாய். பழைய கார் லிட்டருக்கு 14 கிலோமீட்டரும் புதியது 19 கிலோமீட்டரும் தரும் என்றால், எரிபொருளில் புதிய காருக்கு ஆண்டுக்குச் சுமார் 11,000 ரூபாய் சாதகம். அதைக் கழித்த பிறகும், பழைய காரை வைத்திருப்பதால் ஆண்டுக்கு ஏறத்தாழ 60,000 ரூபாய் மிச்சம். ஓய்வூதியத்தில் வாழ்பவனுக்கு இது சிறிய தொகை அல்ல.

ஆனால் இந்த விடை எல்லோருக்கும் பொருந்தாது. ஆண்டுக்கு 30,000 கிலோமீட்டர் ஓட்டும் மருந்து விற்பனைப் பிரதிநிதிக்கு எரிபொருள் சேமிப்பே 56,000 ரூபாயைத் தாண்டும். பழுதுச் செலவும் ஏறும். அவருக்கு மாற்றுவதே மேல். காரின் வயது ஒன்றாக இருந்தாலும் விடை ஆளுக்கு ஆள் மாறுகிறது.

பொருளியலாளர் ஜான் ரஸ்ட் 1987-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இங்கே நினைவுக்கு வருகிறது. அமெரிக்காவின் மேடிசன் நகரப் பேருந்து நிறுவனத்தின் பராமரிப்புக் கண்காணிப்பாளர் எப்போது இன்ஜினை மாற்றுகிறார் என்பதைப் பத்தாண்டுப் பதிவுகளைக் கொண்டு அவர் ஆராய்ந்தார். ஓடிய தூரம் கூடக்கூட ஏறும் செலவையும் திடீர்ப் பழுதின் அபாயத்தையும், மாற்றுவதற்கான செலவோடு மாதந்தோறும் எடைபோடும் முடிவாக அதை அவர் விளக்கினார். அந்தக் கணக்கில் எடைபோடப்பட்டது ஓடிய தூரம். பிறந்த தேதி அல்ல.

நம் கொள்கைகள் நாள்காட்டியையே நம்பி வந்திருக்கின்றன. தில்லியில் பத்து ஆண்டு கடந்த டீசல் வாகனங்களுக்கும் பதினைந்து ஆண்டு கடந்த பெட்ரோல் வாகனங்களுக்கும் விதிக்கப்பட்ட தடையை 2018-இல் உச்சநீதிமன்றம் உறுதிசெய்தது. 2025 ஜூலை 1 முதல் அவற்றுக்கு எரிபொருள் மறுக்கப்பட்டபோது எழுந்த எதிர்ப்பால், சில நாள்களிலேயே அந்த நடவடிக்கை நிறுத்தப்பட்டது. வயதை மட்டும் காரணம் காட்டிக் கடும் நடவடிக்கை கூடாது என்று ஆகஸ்டில் கூறிய உச்சநீதிமன்றம், டிசம்பரில் அந்தப் பாதுகாப்பை பிஎஸ்-4 தரமும் அதற்கு மேலும் உள்ள வாகனங்களுக்கு மட்டும் என வரையறுத்தது. வயதிலிருந்து புகைத் தரத்தை நோக்கிய இந்த நகர்வு வரவேற்கத்தக்கது.

புதிய கார் வாங்குவதே சுற்றுச்சூழலுக்குச் செய்யும் தொண்டு என்ற வாதமும் முழுமையானதல்ல. நகரக் காற்றைப் பொருத்தவரை பிஎஸ்-6 கார் என்னுடையதைவிடத் தூய்மையானது, மறுக்கவில்லை. ஆனால் ஒரு காருக்கு வேண்டிய இரும்பும் அலுமினியமும் பிளாஸ்டிக்கும் உருவாகும்போதே பல டன் கரியமிலம் வெளியேறிவிடுகிறது. குறைவாக ஓடும் காரை மாற்றினால், அந்தக் கடனை எரிபொருள் சிக்கனத்தால் அடைக்கப் பல்லாண்டுகள் ஆகும். பொருளாதார ஊக்கம் என்ற வாதத்துக்கும் இதே நிலைதான். 2009-இல் அமெரிக்க அரசு பழைய கார்களுக்கு ஈடாக மானியம் வழங்கி ஏறத்தாழ 6.8 லட்சம் புதிய கார்களை விற்கச் செய்தது. ஆனால், பின்னர் வாங்கவிருந்தவர்களே முன்கூட்டி வாங்கினார்கள் என்றும், சில மாதங்களிலேயே அந்த ஏற்றம் சரிந்தது என்றும் அதிஃப் மியானும் அமீர் சூஃபியும் கண்டறிந்தனர்.

இதற்கிடையே, நாடெங்கும் பரவியுள்ள 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய கார்களின் கணக்கைப் பாதிக்கிறது. அதற்கென வடிவமைக்கப்படாத கார்களில் எரிபொருள் திறன் 6 முதல் 7 விழுக்காடு வரை குறையலாம் என்று நீதி ஆயோக்கின் 2021-ஆம் ஆண்டு அறிக்கையே கூறியது. கட்டணம் உயர்கிறது, எரிபொருளும் மாறுகிறது. பழைய காரை வைத்திருப்போரிடம் இது பற்றி யாரும் கருத்துக் கேட்கவில்லை.

இவ்வளவும் எழுதி முடித்து, வென்றுவிட்ட நிறைவோடு காகிதத்தை மனைவியிடம் நீட்டினேன். படித்துவிட்டு, 'இதில் நம் பேத்தி எந்த வரியில் இருக்கிறாள்?' என்று கேட்டார். என்னிடம் விடையில்லை. ஓட்டுநருக்கான காற்றுப்பை எல்லாக் கார்களிலும் கட்டாயமானது 2019-இல்தான். சக்கரம் இறுகிப் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் பிரேக்கும் அதே ஆண்டில்தான். என் காரில் இரண்டும் இல்லை. 2022-இல் மட்டும் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர். அந்த அபாயத்துக்கு என் கணக்கில் நான் சுழியம் போட்டிருந்தேன்.

ஆகவே எங்கள் முடிவு இது. பதிவைப் புதுப்பித்துவிட்டோம், ஆனால் கார் இனி ஊர் எல்லையைத் தாண்டாது. நெடுஞ்சாலைப் பயணங்களுக்கு ரயிலோ, பாதுகாப்பு வசதிகளுள்ள வாடகை வாகனமோதான். ஆண்டுப் பழுதுச் செலவு 90,000 ரூபாயைத் தொட்டால் மறுபேச்சின்றி விடைகொடுப்போம். அந்த வரம்பை இப்போதே எழுதி வைத்திருக்கிறோம்; காரின் மீதுள்ள பாசம் அப்போது கணக்கைத் திருத்திவிடக் கூடாது.

அரசிடம் கேட்பதும் ஒன்றுதான்: வயதைப் பார்க்காதீர்கள், நிலையைச் சோதியுங்கள், சோதனையை மெய்யாகச் செய்யுங்கள். ஒரு மையத்தில் புகைக்குழாயில் கருவியைச் செருகாமலேயே எனக்கு மாசுச் சான்று அச்சிட்டுத் தந்தார்கள். நேரம் மிச்சம் என்று நானும் வாங்கிக்கொண்டு வந்தேன். அந்தத் தவறில் எனக்கும் பங்குண்டு. பிரேக், டயர், புகை மூன்றையும் நேர்மையாகச் சோதித்தால், ஐந்தே வயதான கார்கள் சிலவும் காயலான் கடைக்குப் போக வேண்டியிருக்கும். இருபது வயதான கார்கள் சில இன்னும் ஓடும். சோதனையில் என் கார் தோற்றால் நானே அதை ஒப்படைப்பேன்.