மழையில் மனை பார்!

சித்திரை மாதச் சேலத்தில், மொட்டை மாடிக்கு நேர் கீழே ஒரு வாடகை வீட்டில் குடியிருந்து பாருங்கள். சொந்த வீட்டு ஆசை தானாக வரும். அதுவும் ஏற்காடு பக்கமாகவே வரும்!

எங்களுக்கும் வந்தது.

"பேசாம மேலேயே வாங்கிட்டா என்னங்க?" என்றாள் மனைவி. கீழே நாற்பது டிகிரி கொளுத்தும்போது, ஏறக்குறைய 5,000 அடி உயரத்தில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு காபி குடிக்கலாம் என்பது அவள் கணக்கு. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் துரைகூட மலை ஏறிப் போய்க் காபிச் செடி நட்டவர்தான். ஆனால், அவருக்குக் காலை பத்து மணிக்கு அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்தர் கிடையாதே!

நான் என் கணக்கைப் போட்டேன். சேலத்திலிருந்து சுமார் 30 கிலோமீட்டர். கொண்டை ஊசி வளைவுகள் 20. போக, வர 40. வாரத்துக்கு ஆறு நாள் என்றால் 240! ஒரே மாசத்தில், நேரான ரோட்டில் நடந்தாலும் உடம்பு வளைந்து வளைந்துதான் போகும். தவிர, 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழைக்கு மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்தே நின்றது. 'மண் சரிவு, லீவ் வேண்டும்' என்று எழுதினால், எங்கள் மேனேஜர் அத்தாட்சிக்கு ஒரு பிடி மண் கேட்பார். போதாக்குறைக்கு, மலையில் மனை போட 'ஹாகா' என்று தனியாக ஓர் அனுமதி வேறு.

சரி, அடிவாரம் என்று இறங்கி வந்தோம். மலையும் தெரியும், டவுன் பஸ்ஸும் வரும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை புரோக்கர் காரில் கூட்டிப்போனார். கலர் கலராகக் கொடிகள், வெள்ளையடித்த கற்கள், கையில் குளிர்ந்த மோர்.

"பால்கனியில நின்னா ஏற்காடு கைக்கெட்டும் சார்!"

நான் விவரமானவனாக்கும். அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்ய 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டபோது, விற்கவும் முடியாமல் கட்டவும் முடியாமல் விழித்த நண்பர்களைப் பார்த்தவன். பட்டா கேட்டேன். முப்பது வருஷ வில்லங்கச் சான்று கேட்டேன். டி.டி.சி.பி. அப்ரூவல் கேட்டேன்.

"அடுத்த மாசம் வந்துரும் சார். வந்தா ரேட் ஏறிடும். திங்கக்கிழமைக்குள்ள அட்வான்ஸ் போட்டுருங்க."

மோர் நன்றாக இருந்தது. தலையாட்டிவிட்டேன்.

அட்வான்ஸுக்கு இருந்தது அப்பா ரிட்டயர் ஆனபோது வந்த பணம். முப்பது வருஷம் பஸ்ஸில் விசில் ஊதிச் சம்பாதித்தது. கேட்டதும் பாஸ்புக்கை எடுத்து மேஜையில் வைத்தார். ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"வெயில்ல பாத்துட்டு வந்திருக்கே. மழையில பாத்தியா?"

அன்று சாயங்காலமே கொட்டியது. ஸ்கூட்டரில் அப்பாவை உட்கார வைத்துக்கொண்டு போனேன். கொடிகளைக் காணோம். வெள்ளைக் கற்களைக் காணோம். என் மனை இருந்த இடத்தில் செம்மண் நிறத்தில் முழங்கால் அளவு தண்ணீர், நுரைத்துக்கொண்டு ஓடியது.

அப்பா குடைக்குள்ளிருந்து பார்த்தார். "மலை கைக்கெட்டும்னானே... நமக்குச் சிரமம் வேணாம்னு மலையே இறங்கி வந்திருக்கு!"

பக்கத்து டீக்கடை அம்மா சொன்னார்: "இது ஓடைங்க தம்பி. நாலு வருஷம் மழை இல்லைன்னா மனுஷன் மறந்துருவான். தண்ணி மறக்காதுங்க."

அப்புறம் புல வரைபடத்தை எடுத்துப் பார்த்தால், என் வரவேற்பறைக்கு நடுவே ஓடை, கோடு போட்டு இருக்கிறது! நான் கேட்காமல் விட்டது அந்த ஒரு காகிதத்தைத்தான்.

திரும்பி வரும்போது அப்பா பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. குடையை மட்டும் என் பக்கம் சாய்த்துப் பிடித்துக்கொண்டார். வீட்டுக்கு வந்து பார்த்தால், அவருடைய இடது தோள் பூராவும் ஈரம்.

இன்னும் அதே வாடகை வீடுதான். ஆனால், வானம் இருட்டினால் நானும் அப்பாவும் மனை பார்க்கக் கிளம்பிவிடுகிறோம்.

மழை பெய்யும்போது புரோக்கர்கள்தான் யாரும் போனை எடுக்க மாட்டேன் என்கிறார்கள்!